எலும்பு இல்லாத மேல்தாடையும் கன்ன எலும்பில் கிடைக்கும் பிடியும்

அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் மேல் பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கீழே முன்பற்கள் ஆறும் அவருடைய சொந்தப் பற்கள். மேலே ஒன்றுகூட இல்லை, இருபது வருடத்துக்கு மேலாகச் செட்தான். கையில் வாங்கிப் பார்த்தேன். உட்புறம் முழுக்கப் பிடிமானப் பவுடர் அடையாகக் காய்ந்திருந்தது. "முன்னெல்லாம் முறுக்கு கடிச்சா கழண்டுக்கும். இப்ப இட்லிக்கே விழுது டாக்டர். ரெண்டு இடத்துல ஸ்கேன் எடுத்துட்டாங்க. எலும்பே இல்ல, இம்ப்ளான்ட் போட முடியாதுங்கிறாங்க. எலும்பே இல்லேன்னா இந்த முகம் எதுலதான் நிக்குது?"

மிகச் சரியான கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே அதற்கான பதில்தான். எலும்பு இல்லை என்றால், பல் இருந்த இடத்தில் எலும்பு இல்லை என்று பொருள். முகத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே போய் ஊன்ற முடியுமா, எப்படி ஊன்றுவது, அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் சைகோமா இம்ப்ளான்ட் பற்றிய பேச்சு. சைகோமா என்றால் கன்ன எலும்பு, இம்ப்ளான்ட் என்றால் பல்லைத் தாங்க எலும்பில் முடுக்கும் திருகு.

முதலில் எலும்பு ஏன் போகிறது என்று பார்ப்போம். தாடையில் பல்லின் வேரைச் சுற்றியிருக்கும் விளிம்பு எலும்பு பல்லுக்காகவே உண்டானது. பல் முளைக்கும்போது அது உருவாகிறது. நாம் கடிக்கும் ஒவ்வொரு கடியும் வேர் வழியாக அதற்குப் போய்ச் சேர்கிறது, அந்த வேலைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை. உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். பல் எடுத்த ஒரு வருடத்துக்குள் அந்த இடத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே. அதன் பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. மேலே செட்டும் கீழே சொந்த முன்பற்களும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கீழ்ப்பற்கள் மேல் செட்டின் முன்பக்கத்தையே இடித்துக்கொண்டிருப்பதால் அங்கிருக்கும் எலும்பு கரைந்து, கையால் தொட்டால் ஆடும் வெறும் சதையாகிவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

மேல்தாடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, கன்னத்துக்கு உள்ளே, சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பற்கள் போனதும் அந்த அறை கீழ்நோக்கி விரியத் தொடங்கும். கீழிருந்து விளிம்பு கரைகிறது, மேலிருந்து சைனஸ் இறங்குகிறது. சில வருடங்களில் இரண்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. எலும்புதான் மிஞ்சும், முட்டை ஓடு மாதிரி. சாதாரண இம்ப்ளான்ட் என்பது 10 மி.மீ. சுமார் நீளமுள்ள டைட்டானியம் திருகு. முட்டை ஓட்டில் அதை எப்படி முடுக்குவது? தாடை எலும்பின் தேய்வை 6 படிகளாகப் பிரித்து 1988இல் காவுட், ஹோவெல் இருவரும் ஒரு வகைப்பாடு தந்தார்கள். பல் மருத்துவர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன் 5ஆவது, 6ஆவது படிகளில் இருப்பவர்களிடம்தான் "எலும்பு இல்லை" என்று சொல்லப்படுகிறது.

இவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த வழி எலும்பு ஒட்டு. சைனஸின் தரைச் சவ்வை மெல்ல உயர்த்தி அதன் கீழே எலும்புத் துகள்களை நிரப்பலாம். தேய்வு மிக அதிகம் என்றால் இடுப்பு எலும்பிலிருந்து வெட்டியெடுத்துத் தாடையில் வைத்துத் திருகலாம். இரண்டுமே நல்ல சிகிச்சைகள். ஒன்றிரண்டு கடைவாய்ப் பல் மட்டும் இல்லாதவருக்குச் சைனஸ் உயர்த்தும் சிகிச்சைதான் சரி, அவருக்குக் கன்ன எலும்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மேல்வரிசை முழுவதும் இல்லாத, எலும்பும் இல்லாத ஒருவருக்கு இந்த வழி மிக நீளம். ஒட்டு வைத்தால் அது பிடிக்கப் பல மாதம், பிறகு இம்ப்ளான்ட், அது பிடிக்க இன்னும் சில மாதம், அதற்கும் பிறகுதான் பல். வெட்டியெடுத்த இடுப்பு வேறு வலிக்கும். காத்திருக்கும் காலத்தில் ஒட்டின்மேல் செட் அழுத்தக்கூடாது என்பதால் பல வாரம் செட்டும் போட முடியாது. ஒட்டு வைத்த எலும்பே கரைந்துபோவதும் உண்டு.

இப்போது உங்கள் கண்ணுக்குக் கீழே, சற்று வெளிப்பக்கமாக விரலை வையுங்கள். கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் கன்ன எலும்பு. பல் போனாலும் இது தேய்ந்துவிடுவதில்லை, ஏனென்றால் இதன் வேலை பல்லை நம்பி இல்லை. மெல்லும் தசை ஒன்று இதில்தான் பிணைந்திருக்கிறது, கண்குழியின் வெளிச்சுவரில் ஒரு பகுதியும் இதுவே. நாடி தளர்ந்த எண்பது வயதுக்காரரின் முகத்திலும் இந்த மேடு அப்படியே நிற்கும்.

அங்கே திருகை ஊன்றலாம் என்று கண்டவர் சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரானெமார்க். 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து குழலைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிப் போயிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து 1965இல் முதல் மனிதருக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். 1980களின் இறுதியில் அவருடைய குழு கன்ன எலும்புக்குப் போனது. அப்போது அவர்கள் நினைத்தது செட் நிற்காத முதியவர்களை அல்ல. புற்றுநோயாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ மேல்தாடையில் பெரும்பகுதி இல்லாதவர்களுக்காகத்தான் அந்த நீளத் திருகு உருவானது. தேய்ந்த தாடைக்காரர்களுக்கு அது வந்தது பிறகுதான்.

நீளத் திருகு என்று சொன்னேன். 30 மி.மீ. முதல் 52.5 மி.மீ. வரை இருக்கும், உங்கள் சுண்டுவிரல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள்ளே கடைவாய்ப் பகுதியில் அதன் தலை தெரியும். அங்கிருந்து சாய்வாக மேலேறி, சைனஸின் உள்ளேயோ பக்கச்சுவரை ஒட்டியோ போய், நுனி கன்ன எலும்பில் பதியும். தலை சாய்ந்தே இருந்தால் பல் மாட்ட முடியாது என்பதால் பிரானெமார்க்கின் திருகில் தலையை 45 பாகை வளைத்து வைத்திருந்தார்கள். கூடாரத்துக்கு முளை அடிப்பவர் மண் இளகிய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளிக் கெட்டித் தரையில் அடித்து, கயிற்றை நீளமாக இழுத்துக் கட்டுவாரே, அந்த வேலைதான் இதுவும்.

முளை அடிப்பது எளிது, எங்கே அடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தத் திருகு போகும் வழியில் மேலே கண்குழி, பக்கத்தில் கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த பள்ளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மி.மீ. நீளத்துக்குத் துளை போடும்போது ஆரம்பத்தில் கை 3 பாகை விலகினால், நுனியில் அது 2.4 மி.மீ. விலகலாகிறது. 10 மி.மீ. திருகில் அதே 3 பாகை அரை மி.மீ. தான். சாதாரண இம்ப்ளான்டில் மன்னிக்கப்படும் பிழை இங்கே மன்னிக்கப்படாது. அதனால்தான் அறுவை அறைக்குள் நுழைவதற்கு முன்பே இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

திட்டமிடல் ஸ்கேனில் தொடங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல்லில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மெழுகில் பல் அடுக்கி அந்த அம்மாவின் வாயில் வைத்துப் பார்த்தோம். உதடு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, சிரித்தால் ஈறு எதுவரை தெரிகிறது, கீழ்ப்பல்லோடு கடி எங்கே சேர்கிறது, "சாப்பாடு", "தட்டு" என்று சொல்லும்போது நாக்கு எங்கே முட்டுகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். மேல்தாடை உள்நோக்கிக் கரைந்திருப்பதால், எலும்பு இருக்கும் இடமும் பல் நிற்க வேண்டிய இடமும் இப்போது ஒன்றல்ல. பல் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவான பிறகுதான் அதைத் தாங்கும் திருகின் தலை எங்கே வர வேண்டும் என்று கேட்க முடியும். இதைத் தலைகீழாகச் செய்தால் திருகு அருமையாக எலும்பைப் பிடித்திருக்கும், ஆனால் தலை அண்ணத்தின் நடுவே நாக்கில் இடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு ஸ்கேன், எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சிடி. சாதாரண இம்ப்ளான்டுக்கு எடுப்பது போல் தாடையோடு நிறுத்தினால் போதாது, கண்குழியின் அடித்தளமும் இரண்டு கன்ன எலும்புகளும் முழுதாகத் தெரிய வேண்டும். அந்த அம்மா கொண்டுவந்த இரண்டு ஸ்கேன்களும் கன்ன எலும்பு தொடங்கும் இடத்திலேயே முடிந்திருந்தன. தேட வேண்டிய இடம் படத்திலேயே இல்லை!

முழு ஸ்கேன் வந்ததும் எங்கே எலும்பு இருக்கிறது என்று பார்க்கிறோம். எட்மண்ட் பெட்ரோசியன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு எளிய வழி ஒன்று சொன்னார். மேல்தாடையை மூன்று மண்டலமாகப் பிரியுங்கள்: முன்பற்கள் இருந்த இடம், அதற்கடுத்த சிறு கடைவாய்ப் பற்களின் இடம், பெரிய கடைவாய்ப் பற்களின் இடம். முதல் இரண்டிலும் எலும்பு இருந்தால் சைகோமா தேவையில்லை. லிஸ்பனில் பல் மருத்துவர் பாலோ மாலோ புகழ்பெறச் செய்த முறைப்படி, சாதாரண இம்ப்ளான்ட் நான்கை, பின்னாலிருப்பவற்றைச் சாய்த்து வைத்து, முழு வரிசையையும் தாங்கச் செய்யலாம். முன்பகுதியில் மட்டும் எலும்பு இருந்தால் அங்கே இரண்டு முதல் நான்கு சாதாரண இம்ப்ளான்டும் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைகோமா இம்ப்ளான்டும் வைக்கலாம். மூன்றிலும் இல்லை என்றால் பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு சைகோமா. இது கடினமான வேலை. ஒரே கன்ன எலும்பில் இரண்டு நுனிகளும் மோதாமல் அடங்க வேண்டும், முன்னாலிருந்து ஏறும் திருகு கண்குழிக்கு மிக அருகே போகும். அந்த அம்மாவுக்கு முன்பக்கம் ஆடும் சதைக்கு மேலே, மூக்குக்குக் கீழே, கொஞ்சம் எலும்பு மிஞ்சியிருந்தது. அங்கே இரண்டு, கன்னத்தில் இரண்டு என்று முடிவு செய்தோம்.

அடுத்து, திருகு எந்த வழியாக ஏற வேண்டும்? பிரானெமார்க்கின் முறையில் சைனஸின் உள்ளே புகுந்துதான் ஏறும். அதனால் தலை அண்ணப் பக்கம் தள்ளி வரும், பல் அமைப்பு தடித்துவிடும், நாக்குக்கு இடம் குறையும், சைனஸும் உறுத்தும். எல்லா முகமும் ஒன்றல்ல என்பதை 2011இல் பார்சிலோனா மருத்துவர் கார்லோஸ் அபாரிசியோ முறைப்படுத்தினார். சைனஸின் முன்சுவர் சிலருக்குத் தட்டையாக இருக்கும், சிலருக்கு உள்நோக்கிக் குழிந்திருக்கும். அந்த வளைவைப் பொறுத்து 0 முதல் 4 வரை ஐந்து வகைகளாகப் பிரித்தார். இந்தப் பாகுபாட்டுக்கு ஸாகா என்று பெயர். தட்டையான சுவர் உள்ளவருக்குத் திருகு சைனஸுக்குள்ளே போகும். ஆழமாகக் குழிந்தவருக்குச் சைனஸைத் தொடாமலே சுவருக்கு வெளியே போய் நேராகக் கன்ன எலும்பில் ஏறும். ஒரே ஆளுக்கு வலப்பக்கம் ஒரு வகையும் இடப்பக்கம் வேறு வகையும் இருப்பது வழக்கம்தான். ஒரே வழியை எல்லார் முகத்திலும் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

திரையில் வழி வரைந்த பிறகு, முடிந்தால் தாடையின் மாதிரியை 3டி பிரிண்டில் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறோம். திரையில் எளிதாகத் தெரிந்த கோணம், மாதிரியில் துளைக்கும் கருவியைப் பிடித்தால் கீழ்ப்பல்லில் இடிக்கும். அவ்வளவு நீளக் கருவி உள்ளே போகும் அளவுக்கு வாய் திறக்குமா என்பது பலர் மறந்துபோகும் கேள்வி. பாக்கு, புகையிலை மென்று வாய் இறுகிப்போனவர்களிடம் இதை முதல் நாளே அளந்துவிட வேண்டும்.

சைனஸ் சுத்தமாக இருக்கிறதா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சைனஸிலிருந்து மூக்குக்குள் வடியும் சிறு வாசல் அடைத்திருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை பிடிப்பவர் நிறுத்த வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை உறுதியாக்கும் ஊசி, மாத்திரை எடுப்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முகத்தில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

அறுவை நாளில் பெரும்பாலும் முழு மயக்கம்தான். ஈறின் மேட்டில் கீறி, சதையை எலும்போடு ஒட்டிய சவ்வோடு சேர்த்து மேலே புரட்டுவார்கள். கண்ணுக்குக் கீழே நரம்பு வெளிவரும் துளை வரைக்கும், பக்கத்தில் கன்ன எலும்பின் உடல் வரைக்கும் கண்ணால் தெரிய வேண்டும். கண்குழியின் விளிம்புக்குக் கீழே அகலமான ஒரு விலக்கியை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். கருவி வழி தவறினாலும் கண்ணுக்குள் போகாமல் அந்த உலோகத் தகட்டில் முட்டி நிற்கும். அதைப் பிடித்திருக்கும் உதவியாளரின் கை அந்த அரைமணி நேரம் அசையக்கூடாது. முதலில் உருண்டைமுனைக் கருவியால் சிறு குழி, பிறகு 2.9 மி.மீ. துளை, அதைக் கொஞ்சம் அகலப்படுத்தல். நீளக் கருவி சீக்கிரம் சூடாகும், எலும்பு வெந்தால் திருகு பிடிக்காது. அதனால் உப்புநீர் விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். கன்ன எலும்பின் வெளிப்பக்கக் கெட்டி அடுக்கைக் கருவி தொடும்போது கையில் ஒரு தடை தெரியும். ஆழத்தை அளந்து, நீளம் தேர்ந்து, திருகை முதலில் மோட்டாரிலும் கடைசியில் கையாலும் முடுக்குவார்கள். நல்ல எலும்பென்றால் கடைசிச் சுற்றுகளில் நோயாளியின் தலையே லேசாகத் திரும்பும். திருகை முடுக்கத் தேவைப்படும் முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் உடனே பல் மாட்டலாம் என்று வைத்துக்கொள்கிறோம். கண்ணால் காணாத வழியைத் திரையில் காட்டும் நேவிகேஷன் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. நல்ல துணைதான், ஆனால் சதையைப் புரட்டி எலும்பைக் கண்ணால் பார்க்கத் தெரிந்த கைக்கே அது துணை.

தற்காலிகப் பல் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் வாயில் ஏறிவிடும். ஒட்டு வைத்து ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்கு இதை நம்பவே முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீளத் திருகு நுனியில் மட்டும்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, தலைப்பக்கம் பிடிப்பு குறைவு. தனியாக விட்டால் ஒவ்வொரு கடிக்கும் நெம்புகோல் மாதிரி வளையும். வலம், இடம், முன் என்று எல்லாத் திருகுகளையும் ஒரே கட்டாக, அசையாத பாலமாக இணைத்துவிட்டால் ஒன்றின் பாரத்தை மற்றது வாங்கிக்கொள்ளும். அதனால் அந்தத் தற்காலிகப் பல்லில் விரிசல் கண்டால் 'அப்புறம் பார்ப்போம்' என்று விடவே கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 4 முதல் 6 மாதம் கழித்து, உலோகச் சட்டம் உள்ள நிரந்தரப் பல் வரும். அதுவரை குழைந்த சோறு, இட்லி, வேகவைத்த காய். முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. சைனஸில் காற்றழுத்தம் ஏறினால் தையல் விட்டுவிடும்.

எவ்வளவு நாள் நிற்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். 4,556 சைகோமா இம்ப்ளான்ட்களைப் பற்றிய அறிக்கைகளைத் திரட்டி 2016இல் வந்த ஓர் ஆய்வு, 12 ஆண்டில் சுமார் 95 சதவீதம் நிலைத்திருந்ததாகச் சொல்கிறது. தோற்றவற்றில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தோற்றுவிட்டன. நல்ல எண்ணிக்கைதான். ஆனாலும் திருகு நிற்பது வேறு, தொல்லையில்லாமல் நிற்பது வேறு. சைனஸ் அழற்சிதான் அடிக்கடி வரும் சிக்கல், சில சமயம் பல வருடம் கழித்தும் வரும். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி, கன்னத்தில் பாரம் என்றால் சாதாரண ஜலதோஷம் என்று இருந்துவிட வேண்டாம். ஈறு விலகித் திருகு தெரிவது, கன்னம் கொஞ்ச நாள் மரத்திருப்பது, வாய்க்கும் சைனஸுக்கும் துளை விழுவது எல்லாம் நடக்கின்றன. கண்குழிக்குள் போவது மிக அரிது, ஆனால் நடந்தால் பெரிய கேடு. சிக்கல் வந்தால் சாதாரண இம்ப்ளான்டைப் போல இதை எளிதில் கழற்றிப் போட முடியாது. ஆகவே இரண்டு நாள் பயிற்சி வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இதில் இறங்குவது தவறு என்று என் சக மருத்துவர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். நோயாளிகளும் தயங்காமல் கேட்கலாம்: நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள்? எனக்கு இதைவிடச் சிறிய வழி எதுவும் இல்லையா?

2021இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் கருப்புப் பூஞ்சை நோய் வந்தபோது, இந்தியா முழுவதும் எத்தனையோ பேருக்கு உயிரைக் காக்க மேல்தாடையை எடுக்க வேண்டி வந்தது. பலர் சர்க்கரை நோயாளிகள், பலர் நடுவயதுக்காரர்கள். அண்ணத்தில் துளையோடு, பேசினால் மூக்கால் காற்று வர, குடித்த தண்ணீர் மூக்கில் வழிய உட்கார்ந்திருந்தவர்களுக்குச் செட் ஒட்டிக்கொள்ளத் தாடையே இல்லை. பூஞ்சை கன்ன எலும்பை விட்டுவைத்திருந்தால், நோய் முழுதாகப் போய்விட்டது என்று ஸ்கேனிலும் மூக்குப் பரிசோதனையிலும் உறுதியான பிறகு, அங்கே ஊன்றிப் பல்லும் அண்ணமும் சேர்த்துக் கொடுக்க முடிந்தது. பிரானெமார்க் எவர்களுக்காக அந்தத் திருகை யோசித்தாரோ, அதே நிலைமையில் இருந்தவர்கள் இவர்கள்.

பல் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. பாலத்துக்கும் ஈறுக்கும் நடுவே தினமும் சிறு பிரஷ்ஷால், முடிந்தால் நீரைப் பீய்ச்சும் கருவியால் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது பாலத்தைக் கழற்றி ஒவ்வொரு திருகையும் தனித்தனியே பார்ப்போம். அப்போது சைகோமா திருகின் தலையை விரலால் அழுத்தினால் மிக லேசாக வளைந்து கொடுக்கும். அந்த அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "ஆடுதே டாக்டர்!" என்று பயந்துபோனார். நீளக் கம்பியின் ஒரு முனையை இறுக்கினால் மறுமுனை கொஞ்சம் வளையத்தான் செய்யும். வலி இருந்தாலோ, திருகு தன் அச்சில் சுழன்றாலோதான் பிடி விட்டுவிட்டது என்று பொருள். அவருக்கு இரண்டும் இல்லை. பாலத்தை மறுபடி முடுக்கி, திருகுத் துளைகளை அடைத்து, அடுத்த மாசிக்கு வரச் சொல்லி அனுப்பினோம்.